நாடா விழுந்த இடம்

பானை கீழே விழுந்து உடைந்தால் வீட்டில் எல்லாரும் 'அய்யோ' என்போம். எங்கள் முன்னறையில் வந்து தங்கியிருந்தவர் ஒருவர்தான் 'அப்பாடா' என்பார். விழுந்த பானை உடையாமல் கிடந்தால்தான் அவருக்குக் கவலை. குனிந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "இது உள்ள எங்கியோ அடிய வாங்கி வெச்சிருக்குதுங்க அம்மிணி, இன்னிக்கு அடுப்புல ஏத்தாதீங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சந்தையில் நானே தட்டிப் பார்த்து வாங்கிய புதுப்பானை அது! வேண்டுமென்றே ஏற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு முழுக்க அவரை நான் சும்மா விடவில்லை.

தெருவில் அவருக்கு மெட்ராஸ்காரர் என்று பெயர். மெட்ராஸுக்கும் அவருக்கும் உத்தியோகத்தைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எருமப்பட்டிப் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பம். நாமக்கல்லில் படிக்கும்போது என் வீட்டுக்காரரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். பிறகு இவர் நெசவுக்கென்று தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார், அவர் பட்டணத்துக்குப் போய் ஒரு காலேஜில் விஞ்ஞான ஆராய்ச்சி என்று உட்கார்ந்துவிட்டார். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியதே, அப்போது அவரும் கிளம்பினார். சொந்த ஊருக்குப் போகாமல் ராசிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தார். ஏனாம்?

"எங்க ஊட்டுல எருமை முட்டும், கன்னுக்குட்டி முட்டும், அண்ணன் பசங்க முட்டுவாங்க. கண்ணாடி தாங்காதுங்க."

"இங்க மட்டும் என்னங்கண்ணா, பொழுதுக்கும் மூணு தறி தடதடன்னு இடிக்குது" என்றேன்.

"அது சத்தம் போடுதுங்க. சத்தம் போட்டா நல்லது. உள்ள இருந்தது வெளிய போயிருச்சுன்னு அர்த்தம்."

அந்தக் கண்ணாடி வந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பஸ் நின்ற இடத்திலிருந்து மாட்டு வண்டியில் ஒரு மரப்பெட்டி வந்தது. பெட்டி வண்டியில், அவர் நடையில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டிக்காரனைக் கும்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறார். உள்ளே சாமி சிலைதான் இருக்கிறதாக்கும் என்று வண்டிக்காரன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டியிருக்கிறான்! திறந்து பார்த்தால் உமிக்குள் கண்ணாடிக் குடுவைகள். வாயை உருக்கி மூடிய குடுவைகள். சண்டை முடிகிற வரை சீமையிலிருந்து இன்னொன்று வராதாம்.

"உள்ள ஒண்ணுமில்லியே?" என்றேன்.

"நெறைய இருக்குதுங்க. வாயு."

வாயு என்றால் என் மாமியாருக்கு வருகிற வாயு ஒன்றுதான் எனக்குத் தெரியும். அவர் பொறுமையாகச் சொன்னார். ரெண்டு மூன்று அணு கை கோத்துக்கொண்டிருப்பதற்கு மூலக்கூறு என்று பெயர். அதன் மேல் தகுந்த வெளிச்சம் பட்டால் கை விட்டுப்போகும். அப்போது அதிலிருக்கிற ஆகச் சின்ன அணு, ஹைட்ரஜன் அணு, தெறித்துப் பறக்கும். போகிற வழியில் தன்பாட்டுக்கு இருக்கிற வேறு சின்ன மூலக்கூறுகளின் மேல் போய் மோதும். மோதினால் அந்த வேகம் என்ன ஆகிறது? யார் எவ்வளவு வாங்கிக்கொள்கிறார்கள்? இதுதான் அவருடைய ஆராய்ச்சி.

"இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அவருக்குக் கோபமே வராது. தறியைக் காட்டினார். கைப்பிடிக் கயிற்றை இழுத்தால் குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பறக்கிறது அல்லவா, அதைக் காட்டி, "நாடா மாதிரிதானுங்க அந்த அணு. போய் முட்டிச்சுன்னா மூணு விதமா ஆகலாம். முட்டிட்டு அதே வேகத்துல திரும்பிப் போயிரும். அதுல பயமில்லீங்க. இல்லாட்டி தன் வேகத்தைக் குடுத்துரும், வாங்குனது எகிறிப் பறக்கும். அதுவும் கண்ணுக்குத் தெரியும். மூணாவதுதானுங்க பொல்லாதது. முட்டுனதும் அசந்து நிக்குது, வாங்குனதும் இருந்த எடத்துலயே இருக்குது. பாத்தா ஒண்ணுமே நடக்கலீன்னு தோணும். ஆனா வேகமெல்லாம் உள்ள போயிருச்சு. கை கோத்திருக்கற அணுவெல்லாம் உள்ளுக்குள்ளயே நடுங்கிக்கிட்டுக் கெடக்கும்."

"நடுங்குனா?"

"கை விட்டுரும். சில சமயம்."

இந்த மூன்றாவது விஷயம் குடுவைக்குள் நடக்கிறதோ இல்லையோ, அவருக்குள் எந்நேரமும் நடந்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லாத வீட்டில் அந்தக் குடுவைகளை வைத்து ஒரு சோதனையும் செய்ய முடியாது. சும்மா இருக்கிற மனுஷனுக்கு ஊரில் அடிபடுகிறதெல்லாம் கண்ணில் பட்டது. ஆட்டுக்கல் முனைக்குச் சாக்கு கட்டினார். வாசல் நிலை குட்டையென்று அதன் மேல்கட்டையில் பழந்துணி சுற்றினார். மாடி ஏறினால் பின்னாலேயே வருவார். "பயப்படாதீங்க, பயப்படாதீங்க" என்று ஒரு நாளைக்கு எத்தனை தரம் நாங்கள் சொல்லியிருப்போமோ, கணக்கே கிடையாது.

பிள்ளைகள் விழுந்து வீரிட்டு அழுதால் அவர் பாட்டுக்கு இருப்பார். விழுந்து அழாமல் எழுந்து ஓடுகிற பிள்ளையைத்தான் தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பார். அந்தப் பார்வை யாருக்குப் பிடிக்கும்? "அந்தாளு பார்வையே செரியில்ல" என்று தெருவில் முணுமுணுத்தார்கள். எனக்கும் உள்ளூர அப்படித்தான் இருந்தது. என் மகள் பாப்பாவை அவர் பார்த்தால் நான் சேலைக்குப் பின்னால் இழுத்துக்கொள்வேன்.

அப்போதுதான் எதிர்வீட்டு அம்மாளுடைய விஷயம் நடந்தது. ராட்டையில் நூல் சுற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தவள். ஒரே மகன் பர்மாவில் இருந்தான். சண்டைக்குப் பயந்து அங்கிருந்து நடந்தே வந்தவர்களில் ஒருவன் வந்து, வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டான் என்று சொன்னான். அவள் கேட்டாள். சொன்னவனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். திரும்பப் போய் ராட்டையில் உட்கார்ந்துவிட்டாள். தெருவே மூக்கில் விரல் வைத்தது. என்ன நெஞ்சுரம், என்ன நெஞ்சுரம் என்று பேச்சு.

"அழுதாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லீங்கண்ணா."

"சத்தமே போடலீங்களா?"

"சும்மா நூல் சுத்தறாங்க."

"ஐயையோ. அவங்ககூட யாராச்சும் இருக்கோணுங்க அம்மிணி. தனியா உடக்கூடாதுங்க."

சொன்னதோடு விட்டாரா? தினமும் சாயங்காலம் போய் அவள் வாசலில் உட்கார்ந்துகொண்டார். பேசத் தெரியாது, ஆறுதல் சொல்லத் தெரியாது. வெறுமனே உட்கார்ந்திருப்பார். ஆம்பிளை இப்படி வந்து உட்கார்ந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவள் கொழுந்தனார் விரட்டிவிட்டார். அடுத்த வாரம் அந்த அம்மாள் விடியற்காலை எழுந்து பஸ் நிற்கிற இடத்துக்குப் போனாள். இறங்குகிற ஒவ்வொருவரிடமும் "எம்பையன் ஏறுனானா, பாத்தீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள். அப்புறம் அவளுக்குப் புத்தி திரும்பவே இல்லை.

பழி யார் மேல் விழும்? கருநாக்கு என்றார்கள். அவர் வாயால் சொன்னார், அது பலித்துவிட்டது என்றார்கள். என் வீட்டுக்காரருக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. ஒரு நாள் சாப்பாட்டில் கை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டு, "இதா பாரப்பா. பானை, குடம், கண்ணாடி, இதப் பத்தி என்ன வேணாலும் பேசு. மனுசங்களப் பத்தி ஒரு வார்த்த இனி உன் வாயில இருந்து வரக்கூடாது" என்றார்.

மெட்ராஸ்காரர் முகம் சுண்டிப்போயிற்று. "செரி" என்றார். கையிலடித்துச் சத்தியமும் செய்து கொடுத்தார். அன்றிலிருந்து முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நிம்மதியாகவும் இருந்தது.

அது ஒரு காலை நேரம். வீட்டுக்காரர் தறியில் இருந்தார். பாப்பாவுக்கு அப்போது நாலு வயது. அப்பாவிடம் என்னவோ கேட்க ஓடினாள். தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூல் ஓரிடத்தில் தொய்ந்திருந்தது போலிருக்கிறது, நாடா அதில் ஏறி வெளியே பாய்ந்தது. பாப்பாவின் காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டோரம், பக்கவாட்டில் பட்டது. இரும்பு முனை படவில்லை. பட்டதும் அங்கேயே, அவள் காலடியிலேயே, தொப்பென்று விழுந்துவிட்டது.

நான் அலறிக்கொண்டு ஓடினேன். பாப்பா கண்ணைக் கொட்டிக்கொண்டு நின்றாள். ரத்தம் இல்லை. வீக்கம்கூட இல்லை. அழவும் இல்லை. என் வீட்டுக்காரர் முதலில் பார்த்தது பாப்பாவைக்கூட அல்ல, நாடா விழுந்த இடத்தைத்தான்.

தறிக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். தறி விட்டுத் தாவின நாடா எட்டத் தெறித்துப் போய்ச் சுவரில் மோதிக் கிடந்தால் அடி பலம். காலடியில் விழுந்தால் அடியே இல்லை, நாடா வேகம் செத்துத்தான் வந்து தொட்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தெருவில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். அடிபட்டவரே அந்த நாடாவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும், அதோடு தோஷம் கழிந்தது.

"காலடியில வுழுந்திருக்குது பாரு. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். அவருக்கே அப்போதுதான் மூச்சு வந்தது. பாப்பா நாடாவை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். பொரி கேட்டாள். ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தேன். பக்கத்துத் தறிக்காரர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம்.

நான் அலறின அலறலில் மெட்ராஸ்காரர் கதவைத் திறந்து வந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சத்தியம் பண்ணியிருக்கிறாரே. பாப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"அம்மிணி, நாடாவப் பத்திக் கேக்கறேனுங்க. நாடாவப் பத்தி மட்டுந்தான். அது எங்கீங்க வுழுந்துச்சு?"

"காலடியிலதானுங்க. பயப்படாதீங்க."

அவர் முகம் வெளுத்தது இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. "அப்படீன்னா அதுகிட்ட இருந்த வேகம் எங்கீங்க போச்சு?"

"வாயக் கழுவுங்க!" என்று கத்தினேன். காலங்காத்தாலே பிள்ளையைப் பார்த்து என்ன பேச்சு இது!

அவர் திரும்பிப் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். தறிக்கூடத்துக்குப் போய் அந்த நாடாவை எடுத்துக்கொண்டு வந்தார். கதவு லேசாக அடித்தாலே தோளைக் குறுக்கிக்கொள்கிற மனுஷன், கையை ஓங்கி, அந்த நாடாவைச் சுவரைப் பார்த்து வீசினார். படார் என்று மோதி நடுக்கூடத்துக்குத் தெறித்து வந்து சுழன்றது. அதை எடுத்து, அதே வேகத்தில், மூலையில் மூட்டையாகக் கிடந்த நூல் சிப்பத்தின் மேல் வீசினார். சத்தமே இல்லை. நாடா சிப்பத்தின் அடியிலேயே சுருண்டு விழுந்தது.

"செவுரு வாங்கிக்கலீங்க, திருப்பிக் குடுத்துருச்சு" என்றார். "சிப்பம் முச்சூடும் வாங்கிக்கிச்சு. அதனாலதான் கீழ வுழுகுது. வேகமில்லாம வுழுகலீங்க, அம்மிணி. எல்லாத்தையும் குடுத்துட்டு வுழுகுது."

என் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். "சத்தியம் பண்ணுனியே, மறந்துட்டியா? எம்புள்ளைக்கும் சொல்லி முடிச்சுட்டியா?" என்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளினார். அவர் சுவரில் சாய்ந்து, அங்கிருந்தே, "என்னை அப்பறமா அடிச்சுக்க. பெரியாஸ்பத்திரிக்குப் போகோணும், சேலத்து பஸ் இன்னும் போகல" என்றார்.

நான் பாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். பொரிக் கிண்ணம் மடியில் இருக்க, கையில் ஒரு பிடி பொரியோடு, அந்தக் காலை வேளையில் அவள் தலை சாய்ந்து தூங்கத் தொடங்கியிருந்தாள். என் பிள்ளை காலையில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. தூக்கித் தோளில் போட்டேன். செருப்பு போட்டேனா இல்லையா, எனக்கு ஞாபகமில்லை. மெட்ராஸ்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். "போகாதே" என்று கத்தின என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி அந்த வாயுவில் ஓட்டுவார்கள். மேடு வந்தால் பஸ் முக்கும், முனகும், ஜனங்கள் இறங்கி நடப்பார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் பாப்பாவின் தலையைத் தன் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, சீட்டில் உட்காராமல், கீழே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் கை முதலில் இறங்கும், பிறகுதான் தலை இறங்கும். "சாமி, தூங்கக்கூடாது சாமி. என்னைப் பாருங்க. எருமை எப்படிக் கத்தும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாப்பா முதலில் பதில் சொன்னாள். பிறகு சொல்லவில்லை. மல்லூர் தாண்டும்போது வாந்தி எடுத்தாள்.

"அண்ணா, உங்க அணு முட்டுனா எல்லாமே ஒடஞ்சிருங்களா?" என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவருக்கும் தெரியும்.

"இல்லீங்க அம்மிணி. அனேகமா ஒண்ணும் ஆகாது. உள்ள வாங்குனதும் ஒடனே கை விட்டுராது. சித்த நேரம் நடுங்கிக்கிட்டே தாக்குப் புடிக்கும். அதுக்குள்ள வேற ஒண்ணு மெதுவா வந்து பட்டுதுன்னா, நடுக்கத்தை அதுங்கிட்டக் குடுத்துட்டுப் பொழச்சுக்கும். அந்தச் சித்த நேரத்துக்குத்தானுங்க இப்பப் போறோம்."

அதற்குள் பஸ் நின்றுவிட்டது. கரி தீர்ந்து தீ அணைந்துவிட்டதாம். மறுபடி கரி போட்டு, பின்னால் காற்றடிக்கிற சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அவர் என்னிடம் பாப்பாவின் தலையை, கை மாற்றி, கண்ணாடிக் குடுவையைப் போல ஒப்படைத்துவிட்டு இறங்கி ஓடினார். கிளீனரிடமிருந்து சக்கரத்தைப் பிடுங்கிச் சுற்றினார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சட்டையெல்லாம் கரி. சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்து, "மூச்சு இருக்குதுங்களா?" என்று கத்தினார். "இருக்குதுங்க" என்றேன். மறுபடி கத்தினார். மறுபடி "இருக்குதுங்க" என்றேன். பஸ் கிளம்புகிற வரை இதே பேச்சுத்தான்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பாப்பாவின் கண்ணை விரித்துப் பார்த்தார். ஒரு கண்ணின் கருமணி மற்றதைவிடப் பெரிதாக இருப்பதை எனக்கும் காட்டினார். மண்டைக்குள் ரத்தம் கசிந்து கட்டிக்கொண்டிருக்கிறது, உடனே துளை போட்டு எடுக்க வேண்டும் என்றார். வெளியே ஒரு கீறல் இல்லை. அந்தச் சின்னத் தலையை மழித்துக்கொண்டு உள்ளே தூக்கிப்போனார்கள். நான் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். தெரியாத சாமியையும் கூப்பிட்டேன்.

மெட்ராஸ்காரர் என்னிடமிருந்து தள்ளி, படிக்கட்டில், கரி படிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தபடியே பேசினார்.

"நான் சொன்னது தப்பாப் போயிரோணும்னு வழி முச்சூடும் வேண்டிக்கிட்டே வந்தேனுங்க. பானை விசயத்துல தப்பாப் போச்சுல்லீங்களா, அந்த மாதிரி. டாக்டரு என்னைப் பாத்து, 'போய்யா பைத்தியக்காரா'ன்னு திட்டியிருக்கோணும்."

அழுதேன். சத்தம் போட்டு அழுதேன்.

பொழுது சாய்கிற சமயத்தில் டாக்டர் வந்தார். கட்டியை எடுத்தாயிற்று, கண்ணைத் திறந்து அம்மா என்றாள், ஆனால் இனி வருகிற நேரம்தான் முக்கியம், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். பாப்பா பிழைத்தாள். இன்றைக்கு அவள் தலையே நரைத்துவிட்டது, தழும்பு எந்தப் பக்கம் என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அந்த வராந்தாவில் எங்களுக்கு அது எப்படித் தெரியும்?

அவர் மெதுவாக எழுந்தார். "உங்க ஊட்டுக்காரரு அடுத்த பஸ்ஸுல வந்துருவாரு. நான் போயிட்டு வாரேனுங்க அம்மிணி. நான் பக்கத்துல இருக்கறது நல்லதில்லீங்க. எம்பார்வை செரியில்லீன்னு ஊரே சொல்லுது. எதுக்கு அந்தக் கொறையும்."

படி இறங்கிவிட்டார். நான் எழுந்து ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். அந்நிய ஆம்பிளை என்றெல்லாம் பார்க்கவில்லை, சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கீங்க போறீங்க? உள்ள எல்லாரும் இனிப் பயமில்ல, பயமில்லைன்னு சொல்லுவாங்க. என் வீட்டுக்காரரும் வந்து அதையேதான் சொல்லுவாரு. நானும் நம்பித் தூங்கிப் போயிருவேன். நீங்க போகாதீங்கண்ணா. இங்கயே உக்காந்து பயந்துக்கிட்டு இருங்க."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "செரிங்க அம்மிணி" என்று சொல்லி, கதவுக்கு நேரே வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே போனேன்.